ஒரு மூட்டை ஜவ்வரிசியின் அடக்கம்: சேலத்து சேகோ ஆலைக் கணக்கில் டாலி பிரைம்

சேலம், ஆத்தூர், இராசிபுரம் வட்டாரத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் டாலி என்ற கணக்கு மென்பொருள் இல்லாத கணக்கு அறையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அறைகள் பலவற்றில் அதன் பணி விற்பனைப் பில் போடுவதோடும், ஜி.எஸ்.டி. விவரங்களைத் திரட்டுவதோடும், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பதோடும் முடிந்துவிடுகிறது. ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு இந்த மாதம் என்ன அடக்கம் ஆயிற்று, சென்ற மாதம் என்ன ஆயிற்று, வித்தியாசம் மரவள்ளிக் கிழங்கிலா விறகிலா கூலியிலா என்று கேட்டால், விடை ஆலை உரிமையாளரின் மனக்கணக்கிலோ மேசை இழுப்பறையில் உள்ள நோட்டிலோதான் இருக்கும். உற்பத்திப் பொருளின் அடக்கவிலையை மாதவாரியாகப் பின்தொடர, டாலியின் இன்றைய பதிப்பான டாலி பிரைம் எந்த அளவுக்கு உதவும் என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பில் அச்சாகும் அழகும் வரித் தாக்கல் வசதியும் இங்கே பேசுபொருள் அல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலப்பொருள் எவ்வளவு உள்ளே போயிற்று, சரக்கு எவ்வளவு வெளியே வந்தது, அதில் கிழங்கின் அடக்கம் எவ்வளவு என்பதை டாலி பிரைம் மிக நன்றாகக் காட்டுகிறது. மின்சாரம், சம்பளம், பழுதுபார்ப்பு, தேய்மானம் போன்ற மேற்செலவுகளை அந்தந்த மாதத்து உற்பத்தியோடு பொருத்தும் வேலையை அது கணக்கெழுதுபவரிடமே விட்டுவிடுகிறது. இந்த இரண்டாவது பாதியைப் புரிந்துகொண்டு பயன்படுத்தும் ஆலைக்கு இது தாராளமாகப் போதும். புரிந்துகொள்ளாமல், திரையில் தெரியும் விலையை அப்படியே அடக்கவிலை என்று நம்பும் ஆலைக்கு இது தவறான துணிச்சலைக் கொடுத்துவிடும்.

ஒரு கணக்கு மென்பொருளுக்கு சேகோ ஆலையைவிடக் கடினமான தேர்வு வைப்பது எளிதல்ல. வாங்கும் பொருள் எடையால் மட்டும் விலை பெறுவதில்லை. கிழங்கின் மாவுச்சத்தை, பாயிண்ட் என்ற அளவையால் பார்த்துத்தான் டன்னுக்கு விலை பேசுகிறார்கள். உற்பத்தி பருவத்தை ஒட்டியது. கிழங்கு வரத்து மிகுந்த மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். வரத்து குறைந்த மாதங்களில் பெரும்பாலும் பழுதுபார்ப்புதான் நடக்கும். அரைத்து, வடிகட்டி, தொட்டியில் படியவைத்து, ஈரமாவை எடுத்து, உருட்டி, சலித்து, வறுத்து, களத்தில் காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டை பிடிக்கும்வரை பல கட்டங்கள் உள்ளன. அவற்றில் களத்தில் காயும் கட்டம் வடகிழக்குப் பருவமழை நாட்களில் நம் கையில் இருப்பதில்லை. போதாததற்கு, மாவு எடுத்தபின் மிஞ்சும், தீவனமாகப் போகும் திப்பி என்ற உபபொருள் தனியாக விற்பனையாகிறது. இவ்வளவையும் ஒரு மாத அட்டவணைக்குள் நேர்மையாகக் கொண்டுவர வேண்டும்.

டாலியில் இதற்கு அடிப்படை உற்பத்தி ஜர்னல்: உள்ளே போன மூலப்பொருளையும் வெளியே வந்த சரக்கையும் சேர்த்துப் பதியும் வவுச்சர். ஸ்டாக் ஜர்னலின் கீழ் ஒரு புதிய வவுச்சர் வகையை உருவாக்கி, அதை உற்பத்தி ஜர்னலாகப் பயன்படுத்துமாறு குறித்துவிட்டால் அது தயாராகிவிடும். அதற்கு முன் ஜவ்வரிசி என்ற சரக்குக்கு பி.ஓ.எம். எனப்படும் மூலப்பொருள் பட்டியலை எழுத வேண்டும். ஒரே சரக்குக்குப் பல பட்டியல்கள் வைத்துக்கொள்ளலாம். சாதா ரகத்துக்கும் நைலான் ரகத்துக்கும் வறுவலும் வேகவைப்பும் வேறுபடுவதால் அவற்றைத் தனிச் சரக்குகளாக வைத்துத் தனித்தனிப் பட்டியல் எழுதுவதே நல்லது என்பேன். பட்டியலில் உள்ள அளவு எதிர்பார்ப்பு மட்டுமே. ஜர்னல் பதியும்போது அன்று உண்மையில் அரைத்த கிழங்கின் அளவை மாற்றி எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 45 டன் கிழங்கு, டன் 8,000 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய். நூறு கிலோவுக்கு 22 கிலோ தேறினால் 9,900 கிலோ, அதாவது 90 கிலோ மூட்டையில் 110 மூட்டை. மூட்டைக்கு 800 ரூபாய் வீதம் மற்றச் செலவுகள் 88,000. திப்பி விற்று வந்தது 30,000. அதைக் கழித்தால் 4,18,000 ரூபாய்; ஒரு மூட்டை 3,800 ரூபாய். அதே விலைக்கு வாங்கிய அதே 45 டன் கிழங்கில் 20 கிலோதான் தேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை 100 ஆகக் குறைந்து, அடக்கம் 4,100 ஆகிவிடும். எடைமேடை ரசீதிலும் கிழங்கு பில்லிலும் இந்த 300 ரூபாய் தெரியாது. பாயிண்ட் பார்த்தபோது கணித்ததற்கும் தொட்டியில் படிந்ததற்கும் உள்ள இடைவெளி உற்பத்தி ஜர்னலில்தான் வெளிவரும். லாரிவாரியாக இல்லாவிட்டாலும் நாள்வாரியாகவாவது ஜர்னல் பதியும் ஆலை, எந்தப் பக்கத்துக் கிழங்கு தேறுகிறது, எந்தப் பக்கத்துக் கிழங்கு ஏமாற்றுகிறது என்பதை அதே பருவத்துக்குள் அறிந்துகொள்ளும். மாதக் கடைசியில் மொத்தமாக ஒரே ஜர்னல் போடும் ஆலைக்கு சராசரி மட்டுமே மிஞ்சும். இந்த ஒரு பயனுக்காகவே உற்பத்தி ஜர்னலைத் தொடங்கலாம் என்று ஆலைக்காரர்களிடம் வற்புறுத்திச் சொல்வேன்.

திப்பியை டாலி கையாளும் விதம் பாராட்டத்தக்கது. பட்டியலில் ஒவ்வொரு வரியையும் மூலப்பொருள், இணைப்பொருள், உபபொருள், கழிவு என்று வகைப்படுத்தலாம். உபபொருளுக்குச் செலவில் எத்தனை சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்று குறிக்கலாம். ஜர்னலின் அடியில் மூலப்பொருள் செலவு, கூடுதல் செலவு, மொத்த அடக்கம், உபபொருளுக்குப் போனது, முதன்மைப் பொருளின் நிகர விலை என்று வரிசையாகக் காட்டுவது, கணக்குப் படிக்காத மேலாளருக்கும் புரியும் தெளிவோடு இருக்கிறது. மதிப்புக் குறைந்த உபபொருளை அதன் நிகர விற்பனை மதிப்பில் எடுத்து முதன்மைப் பொருளின் அடக்கத்திலிருந்து கழிக்கலாம் என்று சரக்கு மதிப்பீட்டுக்கான, இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கணக்கியல் தரம் 2 சொல்வதற்கும் இது பொருந்துகிறது. ஆனால் சதவீதம் நிலையானது. திப்பியின் விலையோ தீவனத் தேவையைப் பொறுத்து ஏறி இறங்குவது. மேலே சொன்ன கணக்கில் 30,000 ரூபாய் என்பது மொத்தச் செலவில் சுமார் 6.7 சதவீதம். திப்பி விலை பாதியானால் அந்த 6.7 தானாகக் குறையாது. மாதம் ஒருமுறை அதைத் திருத்துவதைக் கணக்காளரின் வேலைப் பட்டியலில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

அடுத்து, மாதக் கடைசியில் தொட்டியிலும் களத்திலும் இருப்பது. 31ஆம் தேதி மாலையில் அரைத்த கிழங்கு முழுவதும் மூட்டையாகிவிடுவதில்லை. ஈரமாவாகத் தொட்டியில் ஒரு பகுதி, உருட்டி வறுத்துக் களத்தில் ஒரு பகுதி இருக்கும். கிழங்கைச் செலவெழுதிவிட்டு மூட்டையை அடுத்த மாதத்தில் வரவு வைத்தால் இந்த மாதத்தின் தேறல் குறைந்தும் அடுத்த மாதத்தினுடையது கூடியும் தெரியும். டாலி தானாக இப்படிப் பாதி தயாரான சரக்கைக் கணக்கிட்டுத் தருவதில்லை என்றாலும், தீர்வு அதன் அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஈரமாவு என்பதையே ஒரு சரக்காகத் திறந்து, கிழங்கிலிருந்து ஈரமாவுக்கு ஒரு ஜர்னல், ஈரமாவிலிருந்து ஜவ்வரிசிக்கு இன்னொரு ஜர்னல் என்று இரண்டு கட்டமாகப் பிரித்துவிட வேண்டும். தொட்டியில் உள்ள மாவை அளவுகோல் வைத்து மதிப்பிட்டு, பௌதிகச் சரக்கு வவுச்சரில் மாத இறுதி அளவைப் பதிந்தால் மாதங்களின் எல்லை சுத்தமாகிவிடும். இது கூடுதல் வேலைதான். ஆனாலும் இதைச் செய்யாமல் மாதவாரி அடக்கம் என்று எதையும் நம்பிக்கையோடு சொல்ல முடியாது.

அறிக்கைகளைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை. எஃப்2 விசையால் எந்தக் காலப்பகுதியையும் தேர்ந்துகொள்ளலாம். தானியங்கிப் பத்தி வசதியால் பன்னிரண்டு மாதங்களையும் அருகருகே நிறுத்தலாம். இலாப நட்டக் கணக்கை அப்படி மாதப் பத்திகளாக விரித்துப் பார்ப்பது, விறகுச் செலவு எந்த மாதத்தில் எகிறியது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்துப் பயன்படுத்தும் ஆலைகள் இங்கே பல உண்டு. அந்த முதலீடு எந்த மாதத்திலிருந்து மின்சாரத்தையும் எரிபொருளையும் குறைத்தது என்று நிறுவ இந்தப் பத்தி அறிக்கையைவிட நேரான சான்று வேறில்லை. செலவு மையங்களை அரைப்பு, வறுவல், களம், மூட்டை என்று கட்டவாரியாக வைத்தால் அறிக்கை இன்னும் கூர்மையாகும்.

சரக்கு மதிப்பீட்டு முறைகளில்தான் கவனம் தேவை. ஒவ்வொரு சரக்குக்கும் சராசரி விலை, மாதச் சராசரி விலை, முதலில் வந்தது முதலில் செல்லும் முறை, கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறை, கடைசிக் கொள்முதல் விலை, நிர்ணய விலை, பூஜ்ய விலை என்று பல தேர்வுகள் தரப்பட்டுள்ளன. சாதாரணச் சராசரி, ஆண்டுத் தொடக்க இருப்பையும் அதன்பின் உள்ளே வந்த அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஆகையால் பருவத் தொடக்கத்து விலை உயர்வு அல்லது வீழ்ச்சி பல மாதங்களுக்கு நீர்த்துப்போய்த்தான் தெரியும். மாதங்களை ஒப்பிட விரும்பும் ஆலைக்குக் கிழங்குக்கு மாதச் சராசரி முறையே பொருந்துகிறது. கிழங்கு நாட்கணக்கில் அரைபட்டுவிடுவதால் பழைய இருப்பு என்று பெரிதாக எதுவும் தங்குவதுமில்லை. ஜவ்வரிசிக்கு முதலில் வந்தது முதலில் செல்லும் முறை நல்லது, ஏனெனில் மூட்டைகளும் உண்மையில் அந்த வரிசையில்தான் போகின்றன. கடைசியில் வந்தது முதலில் செல்லும் முறை பட்டியலில் இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்துவிடக் கூடாது. கணக்கியல் தரம் 2 அதை ஏற்பதில்லை. ஆண்டின் நடுவே முறையை மாற்றினால் முந்தைய மாதங்களின் மதிப்பும் மாறிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி மேற்செலவுக்கு வருகிறேன். மதிப்புரையின் மையம் இதுதான்.

உற்பத்தி ஜர்னலின் அடியில் கூடுதல் செலவு என்ற பகுதி உண்டு. அங்கே கூலி, விறகு, மின்சாரம் என்று செலவுக் கணக்குகளைத் தேர்ந்து, தொகையாகவோ மூலப்பொருள் செலவின் சதவீதமாகவோ எழுதலாம். அப்படி எழுதும் தொகை சரக்கின் மதிப்பில் ஏறுகிறது. ஆனால் அது எந்தக் கணக்கிலிருந்தும் கழிக்கப்படுவதில்லை. உற்பத்தி ஜர்னல் சரக்குப் பதிவு மட்டுமே, பேரேட்டைத் தொடுவதில்லை. மின்சாரக் கணக்கில் நான்கு லட்சம் செலவாகியிருக்க, ஜர்னல்களில் ஐந்து லட்சம் ஏற்றியிருந்தாலும் மென்பொருள் எச்சரிக்காது. இது பிழை என்று சொல்ல மாட்டேன்; அமைப்பே அப்படி. கணக்கையும் சரக்கையும் இணைத்து வைத்திருக்கும்போது இறுதி இருப்பின் மதிப்பு நேராக இலாப நட்டக் கணக்குக்குப் போவதால், அதிகமாக ஏற்றிய தொகை விற்காத மூட்டைகளோடு ஒட்டிக்கொண்டு இலாபமாகத் தோன்றும். மூட்டைக்கு உண்மையில் 800 ரூபாய் மேற்செலவு ஆகும் ஆலை, விகிதத்தைத் திருத்தாமல் 900 ரூபாயாக ஏற்றிக்கொண்டே வந்து, மார்ச் 31இல் 5,000 மூட்டை இருப்பு வைத்திருந்தால், இல்லாத 5,00,000 ரூபாய் இலாபமாகக் காட்டப்படும், அதற்கு வரியும் விழும். நிதியாண்டு முடியும் நாள், பருவத்தில் அரைத்த சரக்கு கிடங்கில் குவிந்திருக்கும் காலத்தை ஒட்டி வருவதால், நம் வட்டாரத்து ஆலைகளுக்கு இந்த ஆபத்து ஏட்டளவில் நிற்பதல்ல.

அதைவிட ஆழமான சிக்கல், எந்த விகிதத்தை ஏற்றுவது என்பது. மாதச் செலவை மாத உற்பத்தியால் வகுத்தால் போதாதா என்று கேட்பார்கள். நிலையான மேற்செலவு மாதம் 6,00,000 ரூபாய் ஆகும் ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். நவம்பரில் 3,000 மூட்டை பிடித்தால் மூட்டைக்கு 200 ரூபாய். ஜூனில் 300 மூட்டை மட்டும் பிடித்தால் மூட்டைக்கு 2,000 ரூபாய். ஜூன் மூட்டைக்கும் நவம்பர் மூட்டைக்கும் தரத்தில் வேறுபாடில்லை, சந்தையில் அதற்குக் கூடுதல் விலை தருவாருமில்லை; ஆனால் கணக்கில் 1,800 ரூபாய் வித்தியாசம் நிற்கிறது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் விலை பேசப் போனால் வியாபாரமே நடக்காது; நவம்பர் எண்ணை வைத்துக்கொண்டு விலையை இறக்கினால் ஆண்டு முடிவில் கையைக் கடிக்கும்.

கணக்கியல் தரம் 2 இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்பான உற்பத்தித் திறனின் அடிப்படையில் பங்கிட வேண்டும்; இயல்பான திறன் என்பது பல காலப்பகுதிகள் அல்லது பருவங்களின் சராசரியாக, திட்டமிட்ட பராமரிப்பு நிறுத்தங்களையும் கணக்கில் கொண்டு, எதிர்பார்க்கக்கூடிய உற்பத்தி. பருவங்கள் என்ற சொல் அந்த விதியில் இடம்பெற்றிருப்பது நம்மைப் போன்ற தொழில்களுக்குப் பெரிய ஆறுதல். அதே ஆலையின் ஆண்டு நிலையான செலவு 72,00,000 ரூபாய், இயல்பான ஆண்டு உற்பத்தி 24,000 மூட்டை என்றால் விகிதம் மூட்டைக்கு 300 ரூபாய். ஜூனில் 300 மூட்டைக்கு 90,000 மட்டுமே சரக்கில் ஏறும். மீதி 5,10,000 பயன்படாத திறனின் செலவு. நவம்பரில் 9,00,000 ஏறும். செலவானதைவிட 3,00,000 கூடுதல். ஆண்டு முழுவதும் 24,000 மூட்டை பிடித்திருந்தால் இவை ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும். உற்பத்தி வழக்கத்துக்கு மாறாக மிகுந்த ஆண்டில், சரக்கு அடக்கத்துக்கு மேல் மதிப்பிடப்படாதபடி விகிதத்தைக் குறைக்க வேண்டும். குறைந்த ஆண்டில் மீதியைச் செலவாகவே எழுத வேண்டும், மூட்டையின் தலையில் கட்டக் கூடாது.

டாலி பிரைம் இந்த 300 ரூபாயைத் தானாகக் கண்டுபிடிக்காது, கொடுத்தால் வைத்துக்கொள்ளும். மாதந்தோறும் ஏற்றியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற ஒப்பீட்டையும் தயாராகத் தராது. நான் பார்க்கும் கணக்குகளில் இதற்கு ஒரு தனித்தாளை வைத்திருக்கிறேன்: ஒரு பத்தியில் பேரேட்டின்படி செலவு, அடுத்ததில் மாத மூட்டைகளை விகிதத்தால் பெருக்கிய தொகை, மூன்றாவதில் வித்தியாசம், நான்காவதில் ஏப்ரல் முதல் அந்த மாதம்வரை சேர்ந்த வித்தியாசம். அறிக்கையை எக்செல்லுக்கு அனுப்பும் வசதி நன்றாக இருப்பதால் தாள் தயாரிக்க நேரம் பிடிப்பதில்லை. விறகு, மூட்டைச் சாக்கு, மூட்டைக் கணக்கில் தரும் கூலி போன்ற மாறும் செலவுகளுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அவற்றை அந்த மாத உண்மைச் செலவிலேயே ஏற்றலாம். சாக்கைப் பட்டியலிலேயே மூலப்பொருளாகச் சேர்த்துவிடுவது இன்னும் நல்லது.

காலப்பகுதி சரியாக இருக்க வேண்டுமானால் செலவும் அந்தந்த மாதத்தில் விழ வேண்டும். அக்டோபர் மின்கட்டணப் பில் நவம்பரில் வரும். தீபாவளி போனஸ் ஒரே மாதத்தில் கையை விட்டுப் போகும், ஆனால் அது ஆண்டு முழுவதும் உழைத்ததற்கான தொகை, சம்பளத்தில் சட்டப்படி குறைந்தபட்சமான 8.33 சதவீதத்தை வைத்தாவது மாதந்தோறும் ஒதுக்கிவர வேண்டும். பருவத்துக்கு முன் செய்யும் இயந்திரப் பழுதுபார்ப்பும் அப்படியே. இவற்றுக்கு மாதக் கடைசி நாளில் சாதாரண ஜர்னலில் ஒதுக்கீடு பதிந்து, உண்மையான பில் வந்தவுடன் அதைத் திருப்ப வேண்டும். டாலியில் ரிவர்சிங் ஜர்னல் என்ற பெயரில் ஒரு வவுச்சர் இருப்பதால் பலர் அதையே எடுத்துவிடுகிறார்கள். அது சினாரியோ எனப்படும் உத்தேசக் கணக்கு அறிக்கைகளில் மட்டுமே தெரியும். உண்மையான கணக்கில் ஏறாது. இடைக்கால மதிப்பீட்டுக்கு அது பயன்படும், அடக்கவிலைக்குப் பயன்படாது.

பின்தேதிப் பதிவுகளைப் பற்றி ஒரு வலுவான எச்சரிக்கை. உற்பத்தி ஜர்னலில் ஒருமுறை பதிந்த கிழங்கு விலை, பிறகு கொள்முதல் பில் திருத்தப்பட்டாலும் வெட்டுக்கூலியோ லாரி வாடகையோ தாமதமாகச் சேர்க்கப்பட்டாலும் தானாக மாறுவதில்லை. கிழங்கு விவகாரத்தில் இப்படித் திருத்தங்கள் வருவது இயல்பு. பாயிண்ட் குறித்த பேச்சு லாரி இறங்கிய பிறகும் தொடர்வதுண்டு. ஆகவே கொள்முதல் பில்கள் அனைத்தும் முடிவான பிறகு அந்த வாரத்தின் ஜர்னல்களை மறுபடி திறந்து விலையைப் புதுப்பிக்கும் ஒழுங்கு வேண்டும். மாதம் முடித்தபின் யாரும் உள்ளே கைவைக்காதபடி, பயனர் உரிமைகளில் பின்தேதிப் பதிவுக்கான கடைசித் தேதியைக் குறித்துவிடலாம். அந்த வசதி எளிமையாகவும் உறுதியாகவும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள், பதிவுகளில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டும் திருத்தச் சுவடு உள்ள மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். கூட்டாண்மை நிறுவனங்களாக இயங்கும் ஆலைகளுக்கு அது கட்டாயமில்லை என்றாலும், டாலியின் திருத்தச் சுவடுப் பதிப்பை அவர்களும் வைத்துக்கொள்வதே நல்லது. யார், எந்த நாளில், எந்த விலையை மாற்றினார் என்பது அடக்கவிலை விவாதத்தில் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

கிடங்கு வசதி நம் ஊருக்கென்றே செய்தது போல் பொருந்துகிறது. ஜாகீர் அம்மாபாளையத்தில் உள்ள சேகோசர்வ், 1981இல் தொடங்கப்பட்ட உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களின் சரக்கை வைத்து ஏலமுறையில் விற்றுத் தருகிறது. அங்கே இறக்கிய மூட்டை விற்கும்வரை ஆலையின் சொத்துதான். டாலியில் அதைத் தனிக் கிடங்காகத் திறந்து மூட்டைகளை மாற்றி எழுதினால், மாதக் கடைசியில் ஆலையில் எத்தனை, சேகோசர்வில் எத்தனை என்பது குழப்பமின்றித் தெரியும். அங்கே கொண்டுசெல்லும் வண்டி வாடகையையும் விற்பனை சார்ந்த பிடித்தங்களையும் உற்பத்திக் கூடுதல் செலவில் ஏற்றிவிடக் கூடாது. விற்பனைச் செலவுக்கு அடக்கவிலையில் இடமில்லை. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பின், தரம் பிரித்து விற்பதைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. தரவாரியாக விற்க வேண்டுமானால் தரவாரியாக அடக்கம் தெரிந்திருக்க வேண்டும். பாலிஷ் போடுகையில் ஒதுங்கும் உடைசலையும் தூளையும் தனிச் சரக்காகப் பதிவது அதற்கு முதல் படி.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளிலிருந்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கு வெளியாளிடம் பொருளைக் கொடுத்து வாங்கும் ஜாப் வொர்க் வவுச்சர்கள் மிகவும் உதவும். ஆனால் அங்கே முதன்மைச் சிக்கல் நாள்தோறும் மாறும் வெள்ளி விலையும் சேதாரமும்தான். அது தனியே எழுத வேண்டிய செய்தி.

மாற்றாக எதைப் பார்க்கலாம்? பின்தேதித் திருத்தம் வந்தால் அதற்குப் பிந்தைய சரக்கு மதிப்புகளை மென்பொருளே மறுகணக்கிட வேண்டும் என்பது ஓர் ஆலையின் தலையாய தேவையானால், ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போன்ற திறந்தமூல மென்பொருள் அதைச் செய்கிறது. வேலை ஆணை, இயந்திர நிலையம், மணிக்கணக்குச் செலவு என்று உற்பத்தியை அது இன்னும் விரிவாகப் பிடிக்கிறது. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எடைமேடை அறையில் உட்கார்ந்திருப்பவர் முதல் தணிக்கையாளர்வரை அனைவரும் புதிதாகப் பழக வேண்டும். 1986 முதல் பெங்களூரிலிருந்து வளர்ந்துவந்த டாலியின் பெரிய பலம், அதைத் தெரிந்த ஆட்கள் ஆத்தூரிலும் ஓமலூரிலும்கூடக் கிடைப்பது. ஒன்றிரண்டு ரகம் மட்டும் தயாரிக்கும் ஓர் ஆலை இதற்காக மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. மாவு, ஜவ்வரிசி, அப்பளம், தீவனம் என்று ஒரே வளாகத்தில் பல தொழில் நடத்துபவர்கள், பொதுச் செலவைத் துறைகளுக்குப் பங்கிடும் தேவை மிகுந்திருப்பதால், மாற்றைப் பரிசீலிக்கலாம்.

டாலி ஏற்கெனவே உள்ள ஆலைக்கு இதற்காகத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. உற்பத்தி ஜர்னலும் மூலப்பொருள் பட்டியலும் அடிப்படைப் பதிப்பிலேயே உள்ளன. அடக்கவிலைக்கென்று தனி நிரல் எழுதித் தருவதாக யாராவது வந்தால், முதலில் இருக்கும் வசதிகளைக் கொண்டு ஒரு முழுப் பருவத்தைப் பதிந்து பாருங்கள். அதன்பின்னும் நிரல் தேவைப்பட்டால், விற்பவர் கொண்டுவரும் மாதிரி நிறுவனக் கணக்கில் அதைப் பார்க்காமல், உங்கள் ஆலையின் ஒரு வாரத்துக் கிழங்கு ரசீதுகள், திப்பி விற்பனை, தொட்டியில் நின்ற ஈரமாவு ஆகியவற்றைக் கொடுத்து, அவர் முன்னிலையிலேயே ஒரு மூட்டையின் விலையை வரவழைத்துக் காட்டச் சொல்லுங்கள். வந்த விலையில் மேற்செலவு எந்த விகிதத்தில் ஏறியது, அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்ற இரண்டையும் கேளுங்கள்.